94 டிகிரியில் கொதிக்கும் ஊர்

இதை ரெண்டு பேர் சேர்ந்து எழுதுகிறோம். அக்காவும் தம்பியும். 'நான்' என்று ஆரம்பித்தால் அந்த நான் யார் என்பதில் சண்டை வரும். ஏற்கனவே வந்தது. அதனால் கடைசி வரைக்கும் 'நாங்க'தான்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது: நாங்க நெர்டுகள். இந்த வார்த்தை எங்களுக்குப் படங்களில் இருந்துதான் கிடைத்தது. அதுக்கு முன்னாடி லயத்தில் எங்களுக்கு இருந்த பேர் "அந்தக் கிறுக்குங்க ரெண்டும்". திருவிழாவில் எல்லாரும் தேர் பார்க்கும்போது நாங்க ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்போம். யார் வீட்டிலாவது ரேடியோ செத்துப்போனால் துக்கம் விசாரிக்கிற மாதிரி முதல் ஆளாகப் போய்விடுவோம். திரும்பி வரும்போது கையில் அந்த ரேடியோ இருக்கும்.

ஊர் பட்டிப்பொல. ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் கோச்சியில் வந்து இறங்குகிற இடம். இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் எங்களுடையது, கடல் மட்டத்திலிருந்து 1,891 மீட்டர். தாத்தா இந்தப் பாதையில் தண்டவாள வேலை செய்தவர். அப்பாயி கொழுந்து எடுத்தவர். சுற்றுலாக்காரர்கள் பெயர்ப்பலகை பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த கோச்சியில் போய்விடுவார்கள். அந்த 1,891 மீட்டருக்குள்ளேதான் நாங்க தினமும் சமைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் ரொம்ப நாள் தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தோம். அதுக்கு முன்னாடி எங்க மற்றக் கிறுக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

ரேடியோவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தாத்தாவின் பழைய பெட்டிக்குக் கூரை நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பியைக் கட்டி ஏரியல் ஆக்கினோம். ராத்திரியானால் எந்த நாட்டு மொழி என்றே தெரியாத குரல்கள் வரும். பகலில் அவ்வளவாக வராத சிற்றலை ராத்திரியில் ஏன் அவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறது என்று தேடிப் படித்தபோதுதான், காற்றுக்கு மேலே அயனமண்டலம் என்று ஒன்று இருக்கு, அது அலைகளைத் திருப்பி அனுப்பும், சூரியன் மறைந்ததும் அதன் குணம் மாறும் என்று தெரிந்தது.

இலங்கை வானொலியின் கதையைக் கேட்டதும் எங்களுக்கு இன்னும் தைரியம் வந்தது. 1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியாளர், பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களை வைத்து ஒலிபரப்புக் கருவி செய்தார். கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. அங்கேயிருந்து கிராமபோன் பாட்டு போனது. 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமானது. நம்ம தாத்தாமார் உயிரைவிட்டுக் கேட்ட அந்த வானொலியே பழைய சாமானில் செய்ததுதான்! அப்புறம் எங்களை ஏன் திட்டுறாங்க?

அடுத்தது தண்ணிச் சக்கரம். பீலிக்கரையில் வீணாக விழுகிற தண்ணிக்குக் கீழே, தகரத்தை வெட்டி இதழ் செய்து, சைக்கிள் டைனமோவோடு இணைத்தோம். ஒரு சின்ன எல்.ஈ.டி பல்ப் 3 ராத்திரி எரிந்தது. நாலாம் நாள் மழையில் சக்கரம், டைனமோ, பல்ப் எல்லாம் ஆற்றோடு போனது. டைனமோவின் சொந்தக்காரருக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த விஷயத்தில் எங்க ஹீரோ டி. ஜே. விமலசுரேந்திர. நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் இருக்கும் பிளக்பூலில் சின்ன நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தவர். மலைநாட்டு ஆறுகளில் இருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கணக்கோடு கட்டுரை வாசித்தார். லக்ஷபான நிலையம் ஓட ஆரம்பித்தது 1950இல். 32 வருஷம்! நாங்க ஒரு டைனமோவுக்கே 3 நாள் அழுதோம். ஆனா ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆறுகள் நம்ம தோட்டங்களுக்குள்ளே ஓடுகிற ஆறுகள். கொழும்புக்குக் கரண்ட் போய் ரொம்பக் காலம் கழித்துத்தான் லயத்துக்கு வந்தது.

இனி பருப்பு.

எங்க அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். போன காரணம் ரொம்பச் சாதாரணம். எங்களில் மூத்தவள் சாதாரண தரம் முடித்ததும் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டாள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் மலையகத்தில் குறைவு. தூரத்துப் பள்ளிக்கூடம், தங்குவதற்கு இடம், டியூஷன் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அப்பாவின் சம்பளத்தில் நிற்காது. அம்மா கணக்குப் போட்டார், போனார்.

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னார்: "இங்க பருப்பு போட்டா சட்டுன்னு வெந்துருதுடா. நம்ம வீட்டுல எவ்ளோ நேரம் நிக்கணும்! இவங்க அடுப்பு நல்ல அடுப்பு."

அப்பாயி பக்கத்தில் இருந்து, "கொழும்புலயும் அப்படித்தான். ஒங்க பெரியத்தை வீட்டுக்குப் போனப்ப கடல அவிச்சேன், குழைஞ்சே போச்சு. அது அந்த ஊர்த் தண்ணி," என்றார்.

அம்மா அடுப்பைச் சொன்னார், அப்பாயி தண்ணியைச் சொன்னார். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இது ரெண்டும் இல்லை என்று எங்களுக்குத் தோன்றியது. ஆனா கையில் ஆதாரம் இல்லை.

விஷயம் இதுதான். தண்ணி கொதிப்பது என்றால் அதற்குள் உண்டாகும் ஆவி, மேலே அமுக்குகிற காற்றை எதிர்த்துக் குமிழியாகக் கிளம்புவது. உயரப் போகப் போகத் தலைக்கு மேலே காற்று குறைகிறது. பட்டிப்பொல உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். அமுக்குகிற கை லேசாகிவிட்டதால் தண்ணி சீக்கிரமே கொதிக்க ஆரம்பித்துவிடும். கொதிக்க ஆரம்பித்த பிறகு எவ்வளவு விறகு தள்ளினாலும் சூடு ஏறாது, தண்ணி வேகமாக வற்றும், அவ்வளவுதான். பருப்புக்கு வேண்டியது சூடு, குமிழி இல்லை. ஆக எங்க ஊரில் பருப்பு சூடு குறைந்த தண்ணியில் வேகிறது, அதனால் நேரமாகிறது. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறையும். அந்தக் கணக்குப்படி எங்க ஊரில் 94க்குப் பக்கத்தில் கொதிக்க வேண்டும்.

இதைப் படித்த சூட்டிலேயே தம்பி தவணைப் பரீட்சையில் "நீரின் கொதிநிலை யாது?" என்ற கேள்விக்கு 94 என்று எழுதினான். சிவப்புப் பேனாவில் ஒரு பெரிய பெருக்கல் குறி. "எங்க ஊர்ல அப்படித்தான் சேர்" என்றான். "ஒங்க ஊருக்குத் தனி விஞ்ஞானமா?" என்று வகுப்பே சிரித்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தோம். அளந்து பார்த்துவிடுவது.

கொழும்பு புறக்கோட்டையில் கடையில் வேலை செய்கிற எங்க பெரியத்தை மகன் ஒரு கண்ணாடி வெப்பமானி வாங்கி அனுப்பினார். சிவப்புத் திரவம், 110 டிகிரி வரைக்கும் கோடு. கருவியை நாங்களே செய்தோம். ஒரு பால்மா டின், அதன் மூடியில் ரெண்டு ஓட்டை. ஒன்றில் பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் செய்த அடைப்பான், அதற்குள் வெப்பமானி. மற்றது ஆவி வெளியே போக. வெப்பமானியின் குமிழ் தண்ணியைத் தொடக்கூடாது, ஆவிக்குள்ளே தொங்க வேண்டும். தண்ணிக்குள் விட்டால் அடியின் சூடு ஏமாற்றிவிடும். இப்படிக் கொதிநிலையை வைத்து உயரத்தை அளக்கிற கருவிக்கு ஹிப்சோமீட்டர் என்று பேர். எங்க வீட்டில் அதன் பேர் "அந்த டின்".

முதல் நாள் 95 காட்டியது. 94 வர வேண்டியது 95. ஒரு டிகிரிதானே என்று நீங்க நினைக்கலாம். ஒரு டிகிரி என்றால் 300 மீட்டர். எங்க கணக்குப்படி பட்டிப்பொல திடீரென்று நானுஓயா உயரத்துக்கு இறங்கிவிட்டது. தண்ணியை மாற்றினோம், டின்னை மாற்றினோம், சண்டை போட்டோம். 95தான்.

ஜனவரி மாதம். எங்க பக்கம் வானம் சுத்தமாக இருக்கிற ராத்திரிகளில் புல் மேல் உறைபனி விழும். விடியக்காலையில் அப்பாயி வழக்கம் போல "வெளிய வந்து பாருங்க, புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி" என்று கத்தினார். அக்காவுக்குப் பளிச்சென்று பட்டது. உருகுகிற பனிக்கட்டி 0 டிகிரி, அது மலை உயரத்தைப் பார்த்து மாறுவதில்லை என்றே சொல்லலாம். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாத எங்களுக்குப் புல்லே பனிக்கட்டி தருகிறது! ஆளுக்கொரு தகரத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுரண்டினோம். விரல் மரத்துப்போய் ஒரு டம்ளர் சேர்ந்தது. கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைத்து வெப்பமானியை வைத்தோம். 0 காட்ட வேண்டியது 1 காட்டியது.

வெப்பமானிதான் பொய் சொல்லியிருக்கு. எல்லாவற்றுக்கும் 1 கூட்டிச் சொல்கிற பொய். அப்படியென்றால் 95 உண்மையில் 94. அன்றைக்கு நாங்க போட்ட கூச்சலில் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் யாருக்கோ லாட்டரி விழுந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அளக்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி இரண்டு பேர் கிடைத்தார்கள், ரொம்ப தூரத்தில்.

ஒருத்தர் நயின் சிங் ராவத். குமாவுன் இமயமலையில் மிலம் என்ற கிராமத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். திபெத்துக்குள் வெள்ளைக்காரர்கள் போக முடியாத காலம். இந்திய நில அளவைத் துறை அவரைப் பயிற்றுவித்து யாத்திரிகர் வேஷத்தில் அனுப்பியது. 108 மணி இருக்க வேண்டிய ஜெபமாலையில் அவரிடம் 100 மணிதான், எட்டுகளை எண்ணுவதற்கு. வெப்பமானி ஊன்றுகோலுக்குள் ஒளிந்திருந்தது. 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். அந்த நகரத்தின் உயரத்தை எப்படி அளந்தார் தெரியுமா? தண்ணி கொதிக்க வைத்துத்தான். 1877இல் லண்டன் ராயல் ஜியோகிராபிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. டீ போடுகிற மாதிரி உட்கார்ந்து ஒரு நாட்டையே அளந்த மனுஷன்.

இன்னொருவருக்குப் பேர் கிடையாது. சார்ல்ஸ் டார்வின் 1835 மார்ச் மாதம் அந்தீஸ் மலையில் போர்ட்டில்லோ கணவாயைக் கடக்கிறார். ராத்திரி முழுக்க அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு காலையிலும் வேகவில்லை. டார்வினுக்குக் காரணம் தெரியும். கூட வந்த ரெண்டு ஆட்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: பானை புதுசு, அதுக்குக் கிழங்கு வேகவைக்க இஷ்டம் இல்லை. டார்வின் இதைத் தன் பயணப் புத்தகத்தில் எழுதி வைத்தார். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் முதலில் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. 'நல்ல அடுப்பு' என்று சொன்ன எங்க அம்மா, 'அந்த ஊர்த் தண்ணி' என்று சொன்ன அப்பாயி, அந்த ரெண்டு ஆட்கள், எல்லாரும் ஒரே கட்சி. காரணம் பிழையாக இருக்கலாம். ஆனா அவர்கள் கவனித்தது சரி. ஊருக்கு ஊர் வேகிற நேரம் மாறுது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்தவர்கள் அடுப்படியில் நின்றவர்கள். எங்க புத்தகத்தில் 100 என்று மட்டும்தான் இருந்தது. அப்பாயி சொன்னதை நம்பியதால்தான் நாங்க அளக்கப் போனோம்.

அதனால் திட்டம் பெரிதானது. பட்டிப்பொலயில் இருந்து கொழும்பு வரைக்கும், கோச்சிப் பாதை நெடுக, தண்ணி கொதிக்க வைப்பது. எங்களிடம் பணம் இல்லை, ஆய்வுகூடம் இல்லை. ஆனா சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மலையகக் குடும்பம் எதை எடுத்தாலும் பாதை நெடுகச் சிதறித்தான் இருக்கும். நானுஓயாவில் சின்னத்தை. ஹட்டனில் சித்தப்பா. கொழும்பில் பெரியத்தை மகன். வெப்பமானியைத் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, போகிற வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினோம். டின்னுக்குள்ளே செய்முறை எழுதிய தாள்.

நானுஓயா, 1,613 மீட்டர். சின்னத்தை தண்ணியில் பழக்க தோஷத்தில் தேயிலையைப் போட்டுவிட்டார். மறுபடி செய்யச் சொன்னோம். 96, பிழையைக் கழித்தால் 95.

ஹட்டன், 1,262 மீட்டர். சித்தப்பா முதலில் அனுப்பிய போட்டோவில் ஆவி மட்டும்தான் தெரிந்தது. அடுத்ததில் 97. கழித்தால் 96.

கொழும்பு. பெரியத்தை மகன் தங்கியிருப்பது கடைக்கு மேல் மாடியில், அங்கே சமைக்க முடியாது. பக்கத்து சாப்பாட்டுக் கடையில் கெஞ்சி, கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் டின்னை வைத்திருக்கிறார். கடைக்காரர் இது என்ன வெடிகுண்டா என்று கேட்டாராம். 101. கழித்தால் 100.

4 புள்ளிகளை வரைதாளில் குறித்து அடிமட்டத்தை வைத்தோம். ஏறக்குறைய நேர்கோடு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மேலே நாங்க, கீழே கடலோரத்தில், ஓ.எல். முடித்ததும் கடை வேலைக்குப் போன பெரியத்தை மகன். நடுவில் ஒவ்வொரு புள்ளியிலும் நம்ம ஆள். விஞ்ஞானப் படம் வரைந்தோம், குடும்பப் படம் வந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். எங்க வெப்பமானியில் கண்ணால் அரை டிகிரிக்கு மேல் நுணுக்கமாகப் பார்க்க முடியாது. அரை டிகிரி என்றால் 150 மீட்டர் தப்பலாம். ஒஹிய பக்கம் போகும் பாதையில் உச்சி 1,898 மீட்டர், எங்க ஸ்டேஷனை விட 7 மீட்டர் அதிகம். அந்த 7 மீட்டரை எங்க டின்னால் ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க முடியாது. அதுக்குத்தான் இப்போ காசு சேர்க்கிறோம். பிஎம்பி280 என்று நகத்தளவு அமுக்க உணரி இருக்கு, 1 மீட்டர் ஏறி இறங்கினாலே சொல்லிவிடும். அதோடு ஒரு வெப்ப உணரியையும் சேர்த்து, ராத்திரியில் உறைபனி வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் ஒரு பெட்டி செய்யலாம் என்று திட்டம். எங்க லயத்துக்குப் பின்னால் கிழங்கும் போஞ்சியும் போட்டிருக்கிறார்கள். ஒரு ராத்திரி உறைபனி போதும், இலை கருகிவிடும். தாத்தா சாயங்காலம் வானத்தைப் பார்த்து, "காத்து இல்ல, நட்சத்திரம் ரொம்பத் தெளிவா இருக்கு, சாக்கு போட்டு மூடுங்க" என்பார். மேகம் போர்வை மாதிரி இல்லாத ராத்திரியில் நிலத்தின் சூடு மேலே போய்விடும் என்பதைத்தான் அவர் சொல்கிறார். எங்க பெட்டிக்குப் பரீட்சை வைக்கப் போகிறவரும் தாத்தாதான். அவரை விட அதிக நாள் அது சரியாகச் சொன்னால்தான் பாஸ்.

பள்ளிக்கூடத்தில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வரைதாளையும் டின்னையும் கொண்டுபோய்க் காட்டினோம். சேர் ஒன்றும் சொல்லாமல் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அடுப்பு பற்ற வைக்கச் சொல்லி, அவரே குனிந்து கோட்டைப் படித்தார். "பரீட்சையில 100ன்னுதான் எழுதணும். ஆனா முன்னால 'கடல் மட்டத்தில்'ன்னு சேர்த்து எழுது," என்றார். போன புள்ளி திரும்பி வரவில்லை. ஆனா அந்த ரெண்டு வார்த்தையை அடுத்த நாள் வகுப்புக்கே கரும்பலகையில் எழுதிப்போட்டார்.

அம்மாவிடம் வெப்பமானி இல்லை. அதனால் போன் கடிகாரத்தை வைத்து, தண்ணி கொதித்ததில் இருந்து பருப்பு வேகும் வரைக்கும் நேரம் பார்க்கச் சொன்னோம். அங்கே 15 நிமிஷம். இங்கே எங்களுக்கு 22. பருப்பு வேற, தண்ணி வேற, சட்டி வேற. விஞ்ஞானப்படி அந்தப் புள்ளி செல்லாது. தெரிந்துகொண்டேதான் வரைதாளின் ஓரத்தில், கடல் மட்டத்துக்கு நேராக, பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம்.

"அப்போ அடுப்பு காரணம் இல்லியா?" என்று அம்மா கேட்டார். இல்லை என்றோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்படின்னா இத்தன வருஷமா நான் விறகைத் தள்ளித் தள்ளி ஊதினது?" என்றார். மூணு பேரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த வருஷம் அம்மாவின் ஒப்பந்தம் முடிகிறது. வந்ததும் பருப்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். 7 நிமிஷம் கூட ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம்.